கன்னியாகுமரியை அவசரப்பட்டு எட்டிவிடாதீர்கள்

சனி ஞாயிறுகளில் கடலோரம் நடக்கக் கிளம்பியிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



போன மாதம் உங்களில் ஒருவர் எனக்கு ஓர் அட்டவணை அனுப்பியிருந்தார். பழவேற்காட்டில் தொடங்கிக் கன்னியாகுமரி வரைக்கும் கரையை அறுபது கட்டங்களாகப் பிரித்து, நடந்து முடித்ததற்குப் பச்சை, பாக்கிக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டியிருந்தீர்கள். நாற்பத்தொரு கட்டம் பச்சை. அடியில் ஒரு வரி: 'மார்ச்சுக்குள் முடிச்சிடுவோம் அக்கா.' கூடவே அரசுக்கு அனுப்ப நீங்கள் எழுதிவைத்திருக்கும் மனுவின் நகலும் இருந்தது. வெளிநாடுகளில் இருப்பதுபோல நம் கரை நெடுகத் தளம் போட்டு, கைகாட்டிக் கல் நட்டு, விளக்கு வைத்து ஒரு நடைபாதை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் கையெழுத்துக்கும் இடம் விட்டிருந்தீர்கள்.

நான் கையெழுத்துப் போடவில்லை. ஏன் என்று தொலைபேசியில் சொல்ல முயன்றேன். சொல்லத் தொடங்கியதும் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், அந்தத் தம்பிக்கு மட்டும் திட்டு விழுந்தது. சொல்ல வேண்டியது உங்கள் எல்லோருக்கும் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் ஒன்று கேட்கப்போகிறேன்.

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நானும் அட்டவணை போட்டு நடந்தவள்தான். வேலையில் இருந்த காலத்தில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, அதுவும் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் இல்லாத சனிக்கிழமை, விடியற்காலைப் பேருந்தில் போய், விட்ட இடத்தில் இறங்கி, வெயில் ஏறும்வரை நடந்துவிட்டு மதியப் பேருந்தில் திரும்புவேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, மிஞ்சிப்போனால் பதினைந்து கிலோமீட்டர். ஒன்பது ஆண்டுகள் ஆயின. குறிப்பேட்டில் ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் நேராக 'சரி' போட்டுக்கொண்டே போனேன். கன்னியாகுமரியில் கால் நனைத்து, ஒரு டீ குடித்து, கடைசிச் 'சரி'யைப் போட்டுவிட்டு ரயிலேறினேன். நெல்லை தாண்டுவதற்குள்ளேயே மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது.

அந்த வெறுமையைப் பற்றி எழுத வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் ஒரு பங்குனி மாதம், பழைய கட்டங்களில் எனக்குப் பிடித்த ஒன்றை மறுபடி நடக்கப் போனேன். புதுச்சேரிக்கு வடக்கே, பொம்மையார்பாளையத்துப் பக்கம். முதல் தடவை போனபோது ஒரு தென்னையின் நிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலம் பிரித்த நினைவு. தென்னையைக் காணோம். தென்னை நின்ற மணல்மேட்டையும் காணோம். ஆள் உயரத்துக்குக் கருங்கல் கொட்டிக் கிடந்தது. கல்லின் மேல் அலை மோதிக்கொண்டிருந்தது. கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மாவிடம், "இங்க ஒரு கரை இருந்துச்சே?" என்று கேட்டேன். அவர் நிமிராமலே கடலைக் காட்டினார். "நீ பாத்த கரை அதோ அங்க இருக்கு."

அன்றைக்குத்தான் என் குறிப்பேட்டில் இருந்த 'சரி' எல்லாம் எவ்வளவு அபத்தம் என்று புரிந்தது. மலைக்குப் போகிறவர் சிகரம் தொட்டேன் என்று சொல்லலாம். சிகரம் அங்கேயே இருக்கும். நான் நடந்து முடித்ததாக எழுதிய கரை அங்கே இல்லை.

கரை ஏன் போகிறது என்று உங்களில் பலருக்கு ஏட்டளவில் தெரியும். காலால் தெரிந்துகொள்ளும்படிச் சொல்கிறேன். நம் கிழக்குக் கரையில் மணல் சும்மா கிடப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை சாய்ந்து வந்து மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை எழுந்தால் தெற்கே தள்ளுகிறது. வடக்கே போகும் மாதங்கள் அதிகம் என்பதால் ஆண்டுக் கணக்குப் பார்த்தால் மணல் வடக்கே பயணம் போகிறது. குப்பத்துக்காரர்கள் இந்த நீரோட்டங்களுக்குத் 'தெண்டி', 'வன்னி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் இந்தக் கரையில் மணல்தான் நடந்துகொண்டிருக்கிறது. அதுவும் கட்டம் கட்டமாக.

அந்தப் பயணத்தின் குறுக்கே துறைமுகச் சுவர் ஒன்று கடலுக்குள் நீண்டால், சுவருக்குத் தெற்கே மணல் தேங்கும், வடக்கே பஞ்சம் வரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகச் சுவர் எழுந்த பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து மெரினா இவ்வளவு அகலமானது. நாம் சுண்டல் தின்னும் அந்த மணல், ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர வேண்டியது. அங்கே கடல் தெருவுக்குள் வந்தது. புதுச்சேரியில் 1980களின் கடைசியில் துறைமுகம் கட்டியபோதும் இதே கதை. ஊரின் கடற்கரை கரைந்தது; கல் கொட்டினார்கள்; கல் முடிந்த இடத்துக்கு அடுத்த ஊர் கரைந்தது; அங்கேயும் கல் கொட்டினார்கள். தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வரிசையாக. உங்கள் அட்டவணையில் இந்த மூன்று ஊரும் ஒரே பச்சைக் கட்டத்துக்குள் அடக்கம்.

இப்போது உங்கள் மனுவுக்கு வருகிறேன். தளம் போட்ட பாதை கேட்கிறீர்கள். எங்கே போடுவார்கள்? மணல்மேட்டைத் தட்டி, அடப்பங்கொடியையும் ராவணன் மீசையையும் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் போட முடியும். மணலை மேட்டில் பிடித்துவைத்திருப்பது அந்தக் கொடியும் அந்த முள்ளும்தான். அவை போனால் மேடு நிற்காது. நாலு மழைக்காலத்தில் உங்கள் பாதையின் ஓரம் தொங்கும். கோடிக்கணக்கில் செலவழித்ததைக் கடலுக்குக் கொடுக்க எந்த அரசுக்கும் மனம் வராது. பாதையைக் காப்பாற்றக் கல் கொட்டுவார்கள். கல் விழுந்தால் மணல் போகும். மணல் போன பிறகு நடக்க என்ன இருக்கிறது? நடைமேல் கொண்ட ஆசையால் நடக்கிற இடத்தையே அழிக்கக் கேட்கிறீர்கள். இதற்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

'இங்கிலாந்தில் இருக்கிறதே, வேல்ஸில் இருக்கிறதே' என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு முனையைச் சுற்றி 1,014 கிலோமீட்டர். வேல்ஸில் 2012இல் திறந்தது 1,400 கிலோமீட்டர், அந்த நாட்டின் கரை முழுவதும். அங்கேயும் பெரும்பாலோர் உங்களைப்போல் விடுமுறை விடுமுறையாகத்தான் நடக்கிறார்கள்; ஒரே மூச்சில் முடிப்பவர்கள் கொஞ்சம் பேர். ஆனால் அந்தப் பாதை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். தென்மேற்குப் பாதையைப் போட்டது சுற்றுலாத் துறை இல்லை. கள்ளக்கடத்தல்காரர்களைப் பிடிக்க ஒவ்வொரு குடாவையும் எட்டிப் பார்த்துக்கொண்டே ரோந்து போன கடலோரக் காவலர்களின் பூட்ஸ் கால்கள் போட்ட தடம் அது. அதில் பெரும்பகுதி இன்றும் மண்ணும் புல்லும்தான். ஆற்று முகம் வந்தால் படகு. எர்ம் என்ற ஆற்றில் படகும் கிடையாது. வற்று நேரம் பார்த்துக் காத்திருந்து, தண்ணீரில் இறங்கிக் கடக்க வேண்டும். பாறை சரிந்து பாதை விழுந்தால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். 2009இல் அங்கே வந்த கடலோரச் சட்டம், கரை உள்வாங்கினால் பாதையும் உள்ளே நகர்ந்துகொள்ள இடம் கொடுக்கிறது. அவர்களிடம் கடன் வாங்க வேண்டியது அந்த உரிமையைத்தான். நீங்கள் கைகாட்டிக் கல்லை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

நம் கரையில் பாதை இல்லை என்று யார் சொன்னது? விடியற்காலையில் கூடையோடு அடுத்த ஊர் ஏலத்துக்கு ஈர மணலில் வேகமாகப் போகும் மீன்காரப் பெண்களைப் பார்த்ததில்லையா? ஆவணி பிறந்தால் காவி உடுத்திக்கொண்டு வேளாங்கண்ணி நோக்கி நாள்கணக்கில் நடக்கும் கூட்டத்தைப் பார்த்ததில்லையா? தை முதல் பங்குனி வரை இரவெல்லாம் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைக் குழிகளைத் தேடி நடக்கும் மாணவர்களை? 1988 முதல், தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் கைமாற்றி அந்த நடையை விடாமல் நடத்துகிறார்கள். ஆண்டுதோறும் அதே மணல், அதே தொலைவு. அவர்கள் எதையும் முடிப்பதில்லை. அதனால்தான் 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இது வழக்கமான சாவில்லை என்று அவர்களால் சொல்ல முடிந்தது. முந்தைய ஆண்டுகளில் எத்தனை ஒதுங்கின என்று தெரிந்தவர்களுக்குத்தானே அந்த ஆண்டு அதிகம் என்பது தெரியும்? உங்களில் யாராவது அன்று அதே கரையில் நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? படம் எடுத்திருப்பீர்கள். வருத்தப்பட்டிருப்பீர்கள். அதற்கு மேல் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் வலிக்கும். நீங்கள் கரையைக் காலி இடமாகப் பார்க்கிறீர்கள். உங்கள் படங்களில் மனிதர்களே இருப்பதில்லை. இருந்தால் சூரியனுக்கு முன்னால் கறுப்பு நிழலாக இருக்கிறார்கள். அது அவர்களுடைய பட்டறை, சந்தை, முற்றம். கரைவலை இழுக்கும்போது இரண்டு கயிறுக்கும் நடுவே குறுக்கே போனீர்களாம்; இழுத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் போட்டதை 'முரட்டு ஊர்' என்று எழுதியிருந்தீர்கள். விரித்துவைத்த வலையைச் செருப்புக் காலோடு தாண்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? உங்கள் வீட்டு அடுப்பங்கரைக்குள் ஒருவர் ஷூவோடு நடந்து போனால் டீயா கொடுப்பீர்கள்? இன்னோர் ஊரில் டிரோன் பறக்கவிட்டிருக்கிறீர்கள். ஓலைத் தட்டி மறைப்பில் பெண்கள் குளிக்கும் நேரம். நம் குழுவில் பாதிப் பேர் பெண்கள். கரையில் ஒதுங்க ஒரு மறைவு கிடைக்காமல் நாம் தவிப்பது உங்களுக்குத் தெரியாதா? தெரிந்தும் எப்படிச் செய்தீர்கள்?

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். தவறு செய்தவள் என்ற தகுதிதான். பாலாற்றுக்குத் தெற்கே ஒரு சின்ன முகத்துவாரம். கோடையில் மணல் வந்து வாயை அடைத்துவிடும். கால் நனையாமல் தாண்டலாம். சித்திரையில் ஒருமுறை அப்படித்தான் தாண்டியிருந்தேன். கார்த்திகையில் யாரையும் கேட்காமல் அதே இடத்தில் இறங்கினேன். வெள்ளம் மணலை வெட்டிக்கொண்டு போயிருந்தது. இடுப்பளவு என்று நினைத்த நீர் நாலாவது எட்டில் கழுத்துக்கு வந்தது. அடிமணல் காலுக்குக் கீழே ஓடியது. வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து துடுப்பை நீட்டி இழுத்தார். கரையேறியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இவ்ளோ பேர் இங்க ஒக்காந்திருக்கோமே, வாய் இல்லையா உனக்கு?" பிறகு பைபர் படகில் ஏற்றி அக்கரையில் விட்டார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "போயிட்டு எப்ப வருவ?" என்றார். "நான் இந்தப் பக்கம் இனி வரமாட்டேன் ஐயா, தெற்கே போய்க்கிட்டே இருப்பேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. ஒரு ஊருக்கு வந்து, சோறும் தண்ணீரும் உயிரும் வாங்கிக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சிரித்த முகத்தோடு சொல்கிறவளை என்னவென்று நினைப்பார்?

நம் மொழியில் வழி சொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை இருக்கிறது. ஆற்றுப்படை. அதில் வழி சொல்பவர் யார்? அந்த வழியே போய், வாங்க வேண்டியதை வாங்கி, திரும்பி வருகிற பாணரோ கூத்தரோ. போய்க்கொண்டே இருப்பவர் யாருக்கும் வழி சொல்ல முடியாது. சிறுபாணாற்றுப்படை நல்லியக்கோடனின் நாட்டுக்கு வழி காட்டும்போது கடலோரத்து எயிற்பட்டினத்தையும் சொல்கிறது. அது இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். எந்த நிலத்தில் எந்த மக்கள் இருக்கிறார்கள், எந்த வீட்டில் என்ன சோறு போடுவார்கள் என்று வரிசையாக வழி போகிறது. கிலோமீட்டர்க் கணக்கு இல்லை. ஊரும் உலையும்தான் வழிக்குறி. உங்கள் வரைபடத்தில் மரக்காணம் என்று ஒரு புள்ளி இருக்கிறது. அங்கே உப்பளத்தில் பாத்தி மிதிப்பவர் ஒருவர் பெயராவது உங்களுக்குத் தெரியுமா?

1930இல் ராஜாஜியும் நூறு தொண்டர்களும் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்ததும் கட்டம் கட்டமாகத்தான். ஏப்ரல் 13இல் கிளம்பி 28இல் போய்ச் சேர்ந்தார்கள். நடக்கிறவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். நடையை நிறுத்த அவர் பாதையை வெட்டவில்லை. சோற்றை மறிக்கப் பார்த்தார். எது பாதை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! உத்தரவையும் மீறி ஊர்கள் சோறு போட்டன. அதனால்தான் அந்த நடை வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. நீங்கள் கேட்கும் தளமும் விளக்கும் இல்லாமல் ஆயிரம் கிலோமீட்டர் நடக்கலாம். ஊரின் மனசு இல்லாமல் ஒரு முகத்துவாரத்தைத் தாண்ட முடியாது.

அப்படியானால் அரசிடம் கேட்க ஒன்றுமே இல்லையா என்பீர்கள். நிறைய இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து தெற்கே போகப் போகச் சாலையிலிருந்து கடலுக்குப் போகும் சந்துகளுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். ஒரு வெயில் நாளில் தண்ணீர் தீர்ந்துபோய்ச் சாலைக்கு ஏற வழி தேடி நான் ஒன்றரை மணி நேரம் மதில்களைப் பார்த்துக்கொண்டே நடந்திருக்கிறேன். ஒரு விடுதியின் பின்வாசல் திறந்திருந்தது. காவலாளி கையெடுத்துக் கும்பிட்டு, "உள்ளே விட்டா என் வேலை போயிடும்மா" என்றார். அவர்மேல் கோபமில்லை. அலை ஏறி இறங்கும் மணல் யார் பட்டாவிலும் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேரும் வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டால் பட்டா எதற்கு? மீன் ஏற்றும் வண்டியும் நடக்கிறவர் காலும் போன சந்து, கேட்டுக்குள் போய்விட்டது. 2019இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, மக்கள் நெருக்கமாக வாழும் கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கியது. ஐம்பது மீட்டர் என்பது நான் திரும்பிப் போய்ப் பார்த்த பொம்மையார்பாளையத்துக் கரைக்கு எந்த மூலைக்கு?

மனுவை மாற்றி எழுதுங்கள். சந்துகளைத் திறக்கச் சொல்லுங்கள். கிராமக் கணக்கில் இருக்கும் கடல்புறம்போக்கை அளந்து பலகை வைக்கச் சொல்லுங்கள். முகத்துவாரங்களில் ஊர்க்காரர்களின் படகுக்கு ஒரு கூலி நிர்ணயித்து முறையான கடத்து ஆக்கச் சொல்லுங்கள். அடையாற்று முகத்தில் மீனவர் நடந்து கடக்க 1960களில் ஒரு பாலம் கட்டினார்கள். 1970களில் ஆற்றோட்டம் அதை உடைத்தது. இன்றுவரை கட்டவில்லை. உடைந்த பாலத்தில் சினிமாப் பாட்டு எடுக்கிறோம். அதையும் எழுதுங்கள். மனுவை அனுப்புமுன் அந்தந்தக் குப்பத்துப் பஞ்சாயத்தாரிடம் படித்துக் காட்டுங்கள். அவர்கள் முதல் கையெழுத்துப் போடட்டும். அதன் கீழே நான் போடுகிறேன்.

'முழுக் கரையையும் காலால் நடந்தோம்' என்று சொல்லிக்கொள்ளும் ஆசையையும் விட்டுவிடுங்கள். அது முடியாது. எண்ணூரில் துறைமுகம் மறிக்கும். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் அணு உலை வேலி மறிக்கும். பேருந்து ஏறத்தான் வேண்டும். முத்துப்பேட்டையில் கரை என்று ஒரு கோடே கிடையாது. அலையாத்திக் காடும் சேறும்தான். கோடியக்கரையைத் தாண்டினால் கடலின் குணமே மாறிவிடும். பாக் நீரிணையில் பெரிய அலை எழுவது அரிது. ராமேசுவரத்தில் அந்தப் பக்கத்தைப் பெண் கடல் என்றும், மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போன இரவுக்குப் பிறகு அந்த நிலத்தில் நின்று எதை முடித்தேன் என்று சொல்வீர்கள்? நம் கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று பள்ளியில் படித்தோம். தரங்கம்பாடியில் 14ஆம் நூற்றாண்டு மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைத் தின்றுவிட்டு நிற்கும் அலைக்கு முன்னால் அந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

நீங்கள் மனம் விட்டுப்போகக் கூடாது. உங்கள் நடையில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. அதை நீங்கள் குறையாக நினைக்கிறீர்கள். 'லீவு கிடைக்காததால் துண்டு துண்டாக நடக்கிறோம் அக்கா' என்று கூச்சத்தோடு சொல்வீர்கள். நாற்பது நாள் விடுப்பெடுத்து ஒரேயடியாக நடப்பவர் ஒரு பருவத்தைத்தான் பார்ப்பார். அவருக்கு முகத்துவாரம் என்றால் திறந்தது, அல்லது மூடியது. துண்டு துண்டாக நடக்கிற நீங்கள் வாடையில் விட்ட இடத்துக்குக் கோடையில் வருகிறீர்கள். போன தடவை இறங்கிய அதே பேருந்து நிறுத்தத்தில் மறுபடி இறங்குகிறீர்கள். டீக்கடைக்காரர் முகம் பார்த்துச் சிரிக்கிறார். ஊருக்கு முகம் தெரிந்தவராக ஆகும் வாய்ப்பு உங்களுக்குத்தான் இருக்கிறது. அதைப் பச்சை வண்ணத்தில் கரைத்துவிடாதீர்கள்.

நான் கேட்கப்போவது இதுதான். பாக்கி இருக்கும் பத்தொன்பது சிவப்புக் கட்டங்களை அப்படியே விட்டுவையுங்கள். நடந்து முடித்த நாற்பத்தொன்றில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கட்டம். ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன் ஆவணியில் ஒன்று, மழை ஓய்ந்து தையில் ஒன்று, அதே கரையில் அதே திசையில் நடங்கள். கோயில் படி, விளக்குக் கம்பம், படகுத் துறைக் கிணறு என்று ஊருக்கு ஊர் அசையாத ஓர் இடத்தைக் குறித்துக்கொண்டு, அங்கிருந்து ஈர மணல் வரை நாடா பிடித்து அளந்து எழுதுங்கள். எந்தச் சந்து திறந்திருக்கிறது, எதில் புதிதாகப் பூட்டு, முகத்துவாரம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது, எத்தனை ஆமை ஒதுங்கியிருக்கிறது, எந்த ஊரில் புதிதாகக் கல் இறங்கியிருக்கிறது என்று எழுதுங்கள். எழுதியதை முதலில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுங்கள். அவர்களுக்கு இதெல்லாம் தெரியும். தேதியும் அளவும் போட்ட தாளாக இருந்தால், நாளைக்கு எந்த அலுவலகத்தில் போய் நின்றாலும் மேசைமேல் வைக்க ஒன்று இருக்கும். பத்து ஆண்டுகள் இப்படி நடந்தால் நாற்பத்தொரு கட்டத்துக்கும் நாற்பத்தொரு சாட்சிகள். எந்தக் கைகாட்டிக் கல்லும் அந்த வேலையைச் செய்யாது.

கன்னியாகுமரி எங்கேயும் போய்விடாது, அது பாறை. மணலுக்குத்தான் ஆள் தேவை.

நான் பாலாற்றுக்குத் தெற்கே அந்தச் சின்ன முகத்துவாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இது நான்காவது ஆண்டு. என்னை இழுத்துக் கரையேற்றிய பெரியவருக்கு இப்போது கண் மங்கிவிட்டது. அளவு நாடாவின் ஒரு முனையை அவர் பேத்தி பிடிக்கிறாள், எண்ணை அவர் கேட்டு வாங்கி, போன தடவை எண்ணை மனப்பாடமாகச் சொல்லிக் கழித்துப் பார்க்கிறார். போன தையில் ஆறு அடி குறைவு என்றார். நாடாவும் அதையேதான் சொன்னது.

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை அங்கே போகிறேன். முதல் தடவை எப்படி அளப்பது என்று பார்க்க வருகிறவர்கள் வரலாம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கோயம்பேட்டில் பேருந்து. ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர், தொப்பி, ஒரு நோட்டு. டிரோன் வேண்டாம். ஊருக்குள் நுழையும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவருக்கு வெற்றிலை பிடிக்கும்.

அன்புடன்,
உங்களோடு நடக்கும் அக்கா